ஈகன் மாடலை வைத்து மூன்று கிளையன்ட்டுகளிடம் பேசினேன்: மதிப்பெண் வந்தது, மனசு ஒப்பவில்லை

மூன்றாமாண்டு

நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த போஸ்டிங்கில் எங்களுக்குக் கொடுத்த வேலை இது: ஏதாவது ஒரு கவுன்சலிங் மாடலை எடுத்துக்கொண்டு மூன்று கிளையன்ட்டுகளிடம் பேச வேண்டும், ஒவ்வொருவருக்கும் ப்ராசஸ் ரெக்கார்டிங், அதாவது பேசியதை வரிக்கு வரி பதிந்து அலசும் குறிப்பு, எழுத வேண்டும், கடைசியில் கிப்ஸின் ஆறு படிச் சுழற்சியில் நம் அனுபவத்தை நாமே அலசி ஒரு அறிக்கை தர வேண்டும். நான் ஜெரார்ட் ஈகன் 1975-இல் கொண்டுவந்த மாடலை எடுத்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, மூன்றே கட்டம், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மறக்காது. இப்போது என்ன நிலைமை என்று அவர் வாயாலேயே கேட்பது, அவருக்கு என்ன வேண்டும் என்று பிடிப்பது, அப்புறம் அங்கே போய்ச் சேர என்ன செய்யலாம் என்று சேர்ந்து திட்டம் போடுவது.

முதல் கிளையன்ட் 58 வயது ஐயா. காலில் சர்க்கரைப் புண், புதிதாக இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போனதும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். போய் உட்கார்ந்தேன். சோலர் என்று எதிரில் உட்காரும் விதத்துக்கு ஐந்து விதி படித்திருப்பீர்கள், நேருக்கு நேர் உட்கார், கை கால்களைக் கட்டிக்கொள்ளாதே, சற்று முன்னால் சாய், கண்ணைப் பார், இறுக்கமில்லாமல் இரு. நான்கு சரியாக வந்தது. ஐந்தாவதுதான் வரவில்லை, இறுக்கமில்லாமல் இருக்க வேண்டும் இருக்க வேண்டும் என்று இறுக்கமாக நினைத்துக்கொண்டே இருந்தேன்.

"வீட்டுல நீங்களே ஊசி போட்டுக்கறதுல என்ன சிரமம் இருக்கும்னு நினைக்கிறீங்க ஐயா?" என்றேன். திறந்த கேள்வி, பாடத்தில் இருப்பதுபோலவே. "ஒண்ணுமில்லம்மா" என்றார். பயம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லம்மா. சிரிஞ்சைக் காட்டி, கோடுகளைக் காட்டி, எந்தக் கோடு வரை மருந்தை இழுக்க வேண்டும் என்று சொன்னேன், சரிம்மா. ஒரே இடத்தில் போடாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றேன், அதற்கும் சரிம்மா. 22 நிமிடம் ஆனது. ரெக்கார்டில் முதல் கட்டம் முடிந்தது, இரண்டாம் கட்டத்தில் 'தானே இன்சுலின் போட்டுக்கொள்வது' என்று இலக்கு வந்தது, மூன்றாம் கட்டத்தில் அழகான ஒரு அட்டவணை. 25-க்கு 22 மதிப்பெண்.

மூன்றாம் நாள் அவருக்கு டிரெஸ்ஸிங் மாற்றப் போனேன். காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது, சலைன் ஊற்றி ஊறவைத்து ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் கண் புண்ணில், அவர் கண் மேலே சுற்றுகிற விசிறியில். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலியா? அந்தக் கால்ல எதுவுமே தெரியறதில்லம்மா." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "கண்ணும் அப்படித்தான் ஆயிட்டு வருது."

நான் நிமிரவில்லை. ஏதோ நல்ல நேரம், கையில் ஃபோர்செப்ஸ் இடுக்கி இருந்ததால் நிமிர முடியவில்லை என்பதுதான் உண்மை. அவரே மேலே சொன்னார். "அந்த ஊசியில கோடு இருக்குன்னு காட்டினியே, எனக்கு ஒரு கோடும் தெரியல. மொத்தமா வெள்ளையாத்தான் தெரிஞ்சுது."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று என் வாய் முந்திக்கொண்டது. அதற்கு அவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "நீ பேப்பரை வெச்சுக்கிட்டு அவ்வளவு ஆசையாச் சொல்லிட்டிருந்தியே பாப்பா."

ஈகன் மாடலின் முதல் கட்டத்திலேயே ஒரு பகுதி உண்டு, கிளையன்ட் தானாகப் பார்க்காத குருட்டுப் புள்ளிகளைப் பார்க்க உதவ வேண்டும் என்று. தேர்வுக்கு அதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கண் தெரியாத ஒருவர் முன்னால் 22 நிமிடம் உட்கார்ந்து கோடு காட்டியிருக்கிறேன்.

அன்று ராத்திரி அந்த முதல் நாள் பேச்சை, ரெக்கார்டுக்காக இல்லாமல் எனக்காக, ஞாபகம் இருந்த வரை ஒவ்வொரு வரியாக மறுபடி எழுதிப் பார்த்தேன். பதினோரு இடத்தில் 'சரிம்மா'. முதல் 'சரிம்மா'வுக்கு முன்னால் அவர் சிரிஞ்சைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை நான் பார்த்திருக்கிறேன். ஆர்வமாகப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கிளையன்ட்டிடம் இன்னும் மோசம். அவர் சொன்னதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் "அப்போ நீங்க ரொம்பக் கவலையா இருக்கீங்க", "அப்போ உங்களுக்கு இது பாரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனேன். நாலாவது தடவை அந்த அம்மா கேட்டார், "நான் சொன்னதையே ஏம்மா திருப்பித் திருப்பிச் சொல்ற, காது சரியாக் கேக்கலியா?"

மூன்றாவது ஆளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுவிட்டு ஒன்று சொன்னார், நானும் சரி என்றுவிட்டேன்.

என் கேள்வி இதுதான். பேசும்போது இந்த மாடல் எனக்கு உதவவே இல்லை, குறுக்கேதான் நின்றது. ஆனால் பேசி முடித்து ராத்திரி எழுதும்போது, எங்கே தவறவிட்டேன் என்று காட்டியதும் அதே மாடல்தான். இது எனக்கு மட்டும்தானா, அல்லது பழகப் பழகச் சரியாகுமா?

சந்தேகப்பேர்வழி

தங்கச்சி, முதலில் ஒன்று. ஒரே ஆளிடம் 22 நிமிடம் உட்கார முடிந்ததே, அதை அனுபவித்துக்கொள். வேலைக்கு வந்தபின் 2 நிமிடம் கிடைத்தால் பெரிது, அதிலும் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள்.

இந்த மாடல்களை எழுதியவர்கள் மனதில் இருப்பது கதவு மூடிய ஒரு அறை, இரண்டு நாற்காலி, நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு தானாக வந்து உட்காரும் ஒருவர். வார்டில் படுத்திருப்பவர் கவுன்சலிங் கேட்டு வரவில்லை. காலில் புண் என்று வந்தார். அவர் கேட்காத ஒன்றை அவர் கட்டிலில் போய் உட்கார்ந்து ஆரம்பிக்கிறோம், அப்புறம் அவர் மனம் திறக்கவில்லை என்று எழுதுகிறோம்! கிளையன்ட் என்ற சொல்லே எனக்கு ஒட்டவில்லை, கிளையன்ட் என்றால் வக்கீலிடம் வருபவர். நோயாளி என்று சொல்வதில் என்ன குறைச்சல்?

டிரெஸ்ஸிங் செய்யும்போது வந்த பேச்சுதான் பேச்சு. அதற்கு மாடல் தேவைப்படவில்லை பார்.

பத்து வருட வார்டு

மேலே எழுதிய தம்பிக்குக் கோபம் நியாயம்தான், ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். மாடல் தேவைப்படவில்லை என்று சொல்கிறீர்கள், அந்தப் பெண் "வலிக்கிறதா" என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவாமல் இருந்தாளே, அது எங்கிருந்து வந்தது? ஃபோர்செப்ஸிலிருந்து என்று அவளே சொல்கிறாள், சரி, அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

நான் கவனித்தது ஒன்று. பெரியவர்கள் பலர் முகத்துக்கு நேரே பார்த்தால் பேச மாட்டார்கள். கை வேலையாக இருக்க வேண்டும், கண் வேறெங்காவது இருக்க வேண்டும். தலை வாரிவிடும்போது, முதுகு துடைக்கும்போது, வீல்சேரைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரேக்குப் போகும்போது நான் கேட்ட விஷயங்களில் பாதியை நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டதில்லை. வீல்சேர் ரொம்ப விசேஷம், இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்போம், அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது.

சோலரை வேதவாக்காக எடுக்க வேண்டாம். 2011-இல் தியோடர் ஸ்டிக்லி என்பவர் நர்சிங்குக்கு என்றே அதை மாற்றி ஷ்யூரிட்டி என்று ஒன்று எழுதினார். அதில் முதல் மாற்றமே நேருக்கு நேர் உட்காராமல் சற்றுக் கோணமாக உட்கார் என்பதுதான். தொடுதலைச் சேர்த்திருக்கிறார், உன் உள்ளுணர்வையும் நம்பு என்று கடைசியில் சேர்த்திருக்கிறார். தொடுவது நமக்கு அன்றாட வேலை, அதை விட்டுவிட்டு ஒரு பட்டியல் போட்டால் நர்சுக்கு எப்படிப் பொருந்தும்.

இன்னொன்று, அந்த ஐயா விஷயத்தில் கவுன்சலிங்கைவிட முன்னால் தப்பியது கற்றுக்கொடுத்த முறை. 'புரிந்ததா' என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். சிரிஞ்சை அவர் கையில் கொடுத்து, "நான் சரியாச் சொல்லிக்கொடுத்தேனான்னு பாக்கணும், நீங்க ஒரு தடவை எனக்குக் காட்டுங்க" என்று கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பரீட்சை அவருக்கு என்றில்லாமல் நமக்கு என்று ஆகிவிடுவதால் அவருக்கும் கூச்சம் இருக்காது.

கண்ணைப் பற்றி ட்யூட்டி டாக்டரிடம் சொன்னாயா? சர்க்கரையால் விழித்திரை பாதித்திருக்கலாம், பார்க்க வேண்டும். சிரிஞ்சில் மாட்டும் உருப்பெருக்கி இருக்கிறது, இன்சுலின் பேனா இருக்கிறது. பேனாவில் கிளிக் சத்தத்தை எண்ணிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், அந்தச் சத்தத்தை மட்டும் நம்பி அளவு வைக்க வேண்டாம் என்று பேனாவோடு வரும் தாளிலேயே போட்டிருக்கும். வீட்டில் கண் தெரிகிற ஒருவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடு.

மூன்றாமாண்டு

சொல்லிவிட்டேன் அக்கா, அன்று மதியமே. கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர் மகளை வரச்சொல்லி அவளிடம் சிரிஞ்சைக் கொடுத்து எனக்குக் காட்டச் சொன்னேன், முதல் தடவை குமிழியோடு இழுத்தாள், இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஐயா பக்கத்தில் படுத்துக்கொண்டு "கோடு தெரியுதா, கோடு தெரியுதா" என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீல்சேர் விஷயம் யோசிக்கவே இல்லை. நாளைக்கே கவனிக்கிறேன்.

கேட்பது தொழில்

நான் நர்ஸ் இல்லை, கவுன்சலர். அந்த "காது கேக்கலியா" அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

இந்த மாதிரிக் கேட்கும் முறைக்கு வழிகாட்டிய உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸுக்கே இந்தத் தலைவலி இருந்தது. ஒருவர் சொல்வதை நாம் எப்படிப் புரிந்துகொண்டோம் என்று அவரிடமே சொல்லிச் சரிபார்ப்பதை அவர் முன்வைத்தார், ஊரெல்லாம் அதைக் கடைசி வரியைத் திருப்பிச் சொல்லும் தந்திரமாக எடுத்துக்கொண்டது. அந்தக் கேலிச்சித்திரத்தைப் பார்த்து நொந்துபோய், பல வருடம் ஒத்துணர்வோடு கேட்பதைப் பற்றி அதிகம் பேசாமலே இருந்ததாக 1975-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவரே சொல்கிறார். ஆகவே தங்கைக்கு நல்ல துணை இருக்கிறது.

திருப்பிச் சொல்வது ஒரு கேள்வி. "நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்ற தொனி அதற்குள் இருக்க வேண்டும், தப்பென்றால் அவர் திருத்த இடம் வேண்டும். நீங்கள் சொன்னவை தீர்ப்பு மாதிரி இருக்கின்றன. 'ரொம்பக் கவலையா இருக்கீங்க' என்று ஒருவரிடமே அவரைப் பற்றி அடித்துச் சொன்னால் அவர் என்ன செய்வார்? அதுவும் நாலு தடவை. ஒரு மணிநேரப் பேச்சில் நான் அப்படிச் சொல்வது சில தடவைதான், மீதி நேரம் வெறும் 'ம்'. அந்த 'ம்' கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது, கிண்டல் இல்லை.

சந்தேகப்பேர்வழி சொன்ன கதவு மூடிய அறை விஷயம் சரியான அடி. அதனால்தான் கவுன்சலிங் செய்வது வேறு, கவுன்சலிங் திறன்களைப் பயன்படுத்துவது வேறு என்று பிரிக்கிறோம். நர்ஸ் செய்வது இரண்டாவது. உங்களுக்குக் கொடுத்த வேலையில் அந்த வேறுபாடு இல்லாமல் போனதால் மூன்று கட்டத்தையும் ஒரே உட்காரலில் முடித்தே ஆக வேண்டும் என்று ஆகியிருக்கிறது. ஈகன் மாடலை அப்படி வரிசையாக ஏறும் படிக்கட்டாக எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவரோடு முதல் கட்டத்திலேயே நாலு வாரம் இருப்போம். மூன்றாம் கட்டத்துக்குப் போய்த் திட்டம் உடைந்து திரும்பி முதலுக்கு வருவோம். வார்டில் முதல் கட்டத்தின் முதல் கால்வாசியோடு நிறுத்திக்கொண்டாலே போதும் என்பது என் எண்ணம்.

கிளையன்ட் என்ற சொல்லும் ரோஜர்ஸ் பரப்பியதுதான். நோயாளி என்றால் அவருக்கு என்ன என்று தெரிந்தவர் நாம், கிளையன்ட் என்றால் தெரிந்தவர் அவர். வக்கீல் வாசனை அடித்தாலும் காரணம் நல்ல காரணம்.

கட்டில் எண் 14

நான் இரண்டு தரப்பும் இல்லை, போன வருடம் ஐந்து வாரம் படுத்திருந்தவன். நாங்கள் ஏன் சரி சரி என்கிறோம் தெரியுமா? நீங்கள் போக வேண்டும் என்பதற்காகப் பாதி. மீதிப் பாதி, ராத்திரி எழுந்து ஒன்றுக்குப் போக ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும், அந்த ஒருவர் நீங்களாக இருப்பீர்கள், உங்களைச் சங்கடப்படுத்தி வைத்துக்கொள்ள முடியுமா. படுத்திருப்பவன் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். இதை உங்கள் மாடலில் எங்காவது எழுதியிருக்கிறார்களா?

சந்தேகப்பேர்வழி

இந்த ஒரு பதிலுக்காகவே இந்த இழை ஆரம்பித்தது வீண் போகவில்லை.

பக்கத்து பெஞ்ச்

நான் இவளுடைய வகுப்புதான். எனக்கு வந்தது மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங், மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவைக்கும் பேச்சு முறை. வில்லியம் மில்லர் 1983-இல் குடிப்பிரச்சினை உள்ளவர்களை வைத்து எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991-இல் விரிவாக்கினார். சந்தேகப்பேர்வழி அண்ணா, இது உங்கள் 2 நிமிடத்துக்கும் கொஞ்சம் பொருந்தும், திட்டாமல் கேளுங்கள்.

எனக்குக் கிடைத்தவர் மூச்சிரைப்போடு வந்த புகைபிடிப்பவர். போனதும் என் வாயில் வரவிருந்தது "விட்டுடணும் சார்" என்பது. அந்த மாடலில் இதற்குப் பெயரே இருக்கிறது, சரிசெய்யும் துடிப்பு. எதிரில் ஒருவர் தப்பாகப் போகிறார் என்று கண்டவுடன் பிடித்துத் திருப்பப் பார்க்கும் கை. நாம் ஒரு பக்கம் இழுத்தால் அவர் மறுபக்கம் இழுப்பார், விடுவதற்கு எதிரான காரணங்களை அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடுவோம், சொல்லச் சொல்ல அவருக்கே அது உறுதியாகிவிடும். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த அளவுகோல் கேள்வியைக் கேட்டேன். விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை சொல்லுங்கள். 4 என்றார்.

இங்கேதான் சூட்சுமம். "ஏன் 8 இல்லை?" என்று கேட்டால் கெட்டது. "ஏன் 2 இல்லாம 4 சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும். கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், கணக்கு வாத்தியார் மாதிரிக் கேக்கறியே என்றார், அப்புறம் மாடிப்படியில் பேரனைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாமல் நடுவில் இறக்கிவிட்டதைச் சொன்னார். நான் ஒன்றுமே சொல்லவில்லை. விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அப்புறம் கெடுத்தேன். உடனே நிக்கோட்டின் மாற்று, தண்ணீர் குடிப்பது, நண்பர்களைத் தவிர்ப்பது என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். கேள், சொல், கேள் என்று முறை இருக்கிறது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, சொல்லலாமா என்று அனுமதி வாங்கி, கொஞ்சம் சொல்லி, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று திரும்பக் கேட்க வேண்டும். நான் நடுவில் இருப்பதை மட்டும் செய்தேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது விட்டாரா என்று தெரியாது. பேரன் கதையை மட்டும் மறக்க முடியவில்லை.

பூட்டிய வார்டு

மனநல வார்டில் வேலை செய்கிறேன். எல்லோரும் ஐயாவையும் சிரிஞ்சையும் பிடித்துக்கொண்டீர்கள். நான் முதல் பதிவில் நின்றது வேறு இடத்தில். மூன்றாவது ஆள் 'யாரிடமும் சொல்லாதே' என்று கேட்டார், நீ சரி என்றாய். என்ன சொன்னார் என்று இங்கே எழுத வேண்டாம், எழுதாமல் விட்டது சரி. ஆனால் தன்னை மாய்த்துக்கொள்வது பற்றியோ, யாராவது அவரைத் துன்புறுத்துவது பற்றியோ இருந்தால், இதைப் படித்து முடிக்காமல் எழுந்து போய் உன் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடமோ வார்டு சிஸ்டரிடமோ சொல்.

இந்தத் தப்பை நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருக்கிறோம். யாரோ ஒருவர் நம்மை நம்பிச் சொல்ல வருகிறார் என்றதும் நெஞ்சு நிறைந்துவிடும், என்ன என்று கேட்கும் முன்பே சத்தியம் செய்துவிடுவோம். நான் இப்போது சொல்வது ஏறக்குறைய இதே வார்த்தைதான்: "நீங்க சொல்றதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உங்களைப் பாத்துக்கிற டீம்கிட்ட சொல்லியாகணும். சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்." இதைக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைப்பாய். சிலர் மூடிக்கொள்வார்கள். நிறையப் பேர் அதற்குப் பிறகுதான் சொல்வார்கள், இவளிடம் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா.

சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாம் விதைத்துவிடுவோமோ என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை என்று ஆய்வுகள் பல காட்டிவிட்டன. கேட்டதும் பெருமூச்சு விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மூன்றாமாண்டு

மேடம், படித்ததும் கை நடுங்கிவிட்டது. நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் அந்தப் பக்கம்தான். மறுநாள் காலையிலேயே இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட்டேன், அவர் கூடவே வந்தார், நாங்கள் இருவரும் சேர்ந்து அவரிடம் பேசினோம். 'சொல்ல மாட்டேன்னு சொன்னியே' என்று அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன், அது என் தப்பு, ஆனால் சொன்னதற்கு வருத்தப்படவில்லை என்று சொன்னேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அப்புறம் பேசினார், முன்புபோல் இல்லை.

நேராகக் கேட்பது எனக்கு வரவில்லை, இன்ஸ்ட்ரக்டர்தான் கேட்டார். அதைக் கேட்கும்போது அவர் குரல், மணி என்ன என்று கேட்பதுபோல இருந்தது. அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

பூட்டிய வார்டு

கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகு. எனக்கு அப்படித்தான் வந்தது.

திருத்தும் பேனா

நான் கற்பிக்கும் பக்கம். குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவள் நானும்தான்.

22 மதிப்பெண் போட்ட ஆசிரியர் என்ன பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் பார்க்கிறேன். மூன்று கட்டமும் வந்திருக்கிறதா, நுட்பங்களின் பெயர் ஓரப் பத்தியில் எழுதியிருக்கிறதா, இலக்கு இருக்கிறதா. ஒரு நாளில் நாற்பது ரெக்கார்டு திருத்தும்போது சுத்தமாக இருப்பதுதான் கண்ணுக்குப் பிடிக்கிறது. கிப்ஸ் 1988-இல் கொடுத்த சுழற்சியில் இரண்டாவது படி உணர்வுகள். என் மேசைக்கு வருகிற அறிக்கைகளில் அந்த இடத்தில் 'ஆரம்பத்தில் பதற்றமாக இருந்தது, பிறகு தன்னம்பிக்கை வந்தது' என்று ஒரே ஒரு வரி, எல்லோருக்கும் அதே வரி. நான் அதற்கும் டிக் போட்டிருக்கிறேன்.

நர்சிங் கோட்பாடு எழுதிய ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் நர்ஸின் பாத்திரங்களைச் சொன்னபோது கவுன்சலரையும் அதில் வைத்தார், நாம் அதை மட்டும் வைவாவில் கேட்கிறோம். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது அந்நியர். முன்பின் தெரியாத இருவர் சந்திப்பதில்தான் அவருக்கு எல்லாமே ஆரம்பிக்கிறது. கட்டில் எண் 14 சொன்ன 'நல்ல பிள்ளை' விஷயம் அங்கேதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பேசியதை அப்படியே வரிக்கு வரி எழுதி மாணவர்களோடு அலசுவதை அவர் வலியுறுத்தினார், மாணவிக்கு அவளையே காட்டுவதற்காக. நாம் அதைப் பரீட்சைத் தாளாக மாற்றிவிட்டோம்.

தங்கை, நீ ராத்திரி உனக்காக எழுதியதுதான் ப்ராசஸ் ரெக்கார்டிங். கொடுத்தது வேறு ஏதோ. முடிந்தால் இரண்டாவதையும் உன் ஆசிரியரிடம் கொடு. மதிப்பெண் குறைந்தால் என்னைத் திட்டு.

மூன்றாமாண்டு

கொடுத்துவிட்டேன் மேடம். பயந்துகொண்டேதான் கொடுத்தேன்.

டிரெஸ்ஸிங் பேச்சையும் சேர்த்து எழுதினேன், செஷனுக்கு வெளியே நடந்தது என்று மேலே குறித்து. 'சரிம்மா' பதினோரு இடத்திலும் அடிக்கோடு போட்டேன். அவர் சிரிஞ்சைத் தள்ளிப் பிடித்துப் பார்த்த இடத்தில், பயன்படுத்திய நுட்பம் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'பார்த்தேன், கேட்கவில்லை' என்று எழுதினேன்.

ரெக்கார்டு இன்று திரும்பி வந்தது. மதிப்பெண்ணை மாற்றவில்லை, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. 'கண்ணும் அப்படித்தான்' என்ற வரிக்கு முன்னால் நான் 'சற்று மௌனம்' என்று எழுதியிருந்தேன், அதைச் சிவப்பில் வட்டமிட்டு ஓரத்தில் "எத்தனை விநாடி?" என்று கேட்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். காஸின் ஒரு ஓரத்திலிருந்து நடு வரை பிரித்த நேரம், 15 விநாடி இருக்கலாம், 20 இருக்கலாம். முதல் நாள் நான் விட்ட மௌனம் எதுவும் 2 விநாடிக்கு மேல் இருந்திருக்காது.

பக்கத்து பெஞ்ச்

அந்த இரண்டாவது ரெக்கார்டில் எத்தனை பத்தி போட்டாய்? எனக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மூன்றாமாண்டு

ஐந்து. அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது நான் என்ன நினைத்தேன், நுட்பம், இப்போது பார்த்தால் என்ன தோன்றுகிறது. மூன்றாவதுக்கு இடம் நிறைய விடு, எனக்குப் பற்றவில்லை.